26 வயதுப் பிள்ளையிடம் என் வெப்ராளத்தைச் சொல்லலாமா?

வாசகர் கேள்வி: மேடம், எனக்கு 34 வயது. குலசேகரம் பக்கம் ஊர். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை செய்கிறார். ஒரு பையன். போன வருஷம் அப்பா தவறினார். அது கழிந்து நாலு மாதத்தில், பள்ளி விட்டு வரும்போது மார்த்தாண்டத்தில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, கை விறைத்து, செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். பிறகும் ஏழெட்டுத் தடவை இந்த வெப்ராளம், அதாவது இந்தப் பதற்றமும் படபடப்பும், வந்துவிட்டது. இப்போது தனியாகப் பஸ் ஏறுவதில்லை, தம்பிதான் பைக்கில் கொண்டுவிடுகிறான். சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். நாகர்கோவிலில் ஒரு பெண் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வயது 26, கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவைக்கு 600 ரூபாய், வாராவாரம் நேரம் தர முடியும் என்கிறார். திருவனந்தபுரத்தில் 25 வருஷ அனுபவம் உள்ள ஒருவர் இருக்கிறார். அங்கே 1,500 ரூபாய், மாதம் ஒரு தடவைதான் நேரம் கிடைக்கும். “பெரிய ஆள் இருக்கும்போ இந்தப் பொடிப்பிள்ளைகிட்ட போய் என்னத்தைச் சொல்லுவே” என்கிறார் மாமி. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அப்பா போன துக்கமும், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத கஷ்டமும் அவருக்கு என்ன விளங்கும்? யாரிடம் போக? மாமியிடம் என்ன சொல்ல?

அன்புள்ள டீச்சர்,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்ராளம் உள்ளவர்கள் நீளமான பதிலைப் படிக்கும்போது நடுவில் வருகிற ஏதோ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பயந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாகர்கோவில் பெண்ணிடமே போங்கள். போவதற்கு முன் போனில் சில கேள்விகள் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் நாலு வாரம் விடாமல் போங்கள். அதன் பிறகு தொடர்வதா, ஆளை மாற்றுவதா என்று தீர்மானிக்கலாம். திருவனந்தபுரத்துக்காரர் அங்கேயேதான் இருக்கப்போகிறார்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். ஈசிஜி, எக்கோ எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தைராய்டும் ரத்த அளவும் பார்த்ததாக எழுதவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனால், “ஒருவேளை உடம்பில்தான் ஏதோ இருக்கிறதோ” என்ற சந்தேகம் சிகிச்சைக்கு நடுவில் வந்து தொந்தரவு செய்யாது.

சரி, ஏன் நாகர்கோவில் என்று சொல்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பேனிக் அட்டாக் போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது, ஆனால் கதை அப்படித்தான் இருக்கிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்குமே, அது புலி இல்லாத இடத்தில் சுரந்துவிடுகிறது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். அதனால் யாரும் சாவதில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மறுபடி வந்துவிடுமோ என்று நெஞ்சைக் கவனித்துக்கொண்டே இருப்போம். கவனிக்கக் கவனிக்க அடிப்பு கூடும். பஸ்ஸில் வந்ததால் பஸ்ஸை விடுவோம், அப்புறம் கூட்டத்தை விடுவோம், அப்புறம் கோயில், சர்ச், கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவோம். தம்பி உங்களைப் பைக்கில் கொண்டுவிடுவது அன்பினால்தான். ஆனால் “பஸ் ஆபத்து, பைக்கில் வந்ததால் தப்பித்தாய்” என்று உங்கள் மனசுக்குத் தினமும் பாடம் நடப்பதும் அதே பைக்கில்தான்.

இதற்கு நன்றாகப் பலன் தெரிந்திருக்கிற சிகிச்சை அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, எல்லோரும் சிபிடி என்று சொல்வது. பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து சந்திப்புகள், வாரம் ஒன்று. வாராவாரம் என்பது இங்கே முக்கியம். இந்த வாரம் ஒரு சின்னப் பயிற்சி தருவார்கள், அடுத்த வாரம் அது எப்படிப் போனது என்று பார்த்து இன்னொரு படி ஏற்றுவார்கள். மாதம் ஒருமுறை என்றால், முதல் வாரம் செய்து பார்த்து, இரண்டாம் வாரம் தடுக்கி விழுந்து, மூன்றாம் வாரம் விட்டுவிட்டு, நாலாம் வாரம் குற்ற உணர்வோடு போய் உட்காருவீர்கள். எவ்வளவு பெரிய அனுபவசாலியாக இருந்தாலும் அந்த இடைவெளியில் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு பாடத்தை மாதம் ஒரு பீரியட் மட்டும் எடுத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்ப முடியுமா என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. குலசேகரத்திலிருந்து தக்கலை வழி நாகர்கோவில் வருகிற பஸ் பயணமே உங்கள் சிகிச்சையில் ஒரு பாகமாகும். முதல் தடவை தம்பியோடு பைக்கில் வாருங்கள். பிறகு தம்பியோடு பஸ்ஸில். பிறகு நீங்கள் பஸ்ஸில் வர, தம்பி தக்கலையில் வந்து நிற்கட்டும். கடைசியில் நீங்கள் மட்டும் வடசேரியில் வந்து இறங்குவீர்கள். திருவனந்தபுரத்துக்குக் களியக்காவிளை தாண்டிப் போக வேண்டும், முழு நாள் லீவு போட வேண்டும், தம்பியும் வேலையை விட்டுக் கூட வர வேண்டும். இரண்டு தடவை போவீர்கள். மூன்றாவது தடவை மழை என்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நம் மாவட்டத்தில் அப்படிப் பாதியில் நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி அனுபவம். ஒரு வருஷ அனுபவமும் 25 வருஷ அனுபவமும் ஒன்றா என்று கேட்பீர்கள். அறுவை சிகிச்சை என்றால் அதிகம் செய்தவரிடம் போங்கள் என்று நானே சொல்வேன். பேச்சு மூலம் செய்கிற சிகிச்சையில் கதை வேறு மாதிரி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. 170 சிகிச்சையாளர்களையும், அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்களையும் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வருஷம் கூடக்கூட வருகிறவர்களுக்குக் கிடைக்கும் பலனும் கூடும் என்றுதான் எவரும் நினைப்போம். சராசரியாகப் பார்த்தால் அது கூடவில்லை, மிக லேசாகக் குறைந்தே இருந்தது. சிலர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் நன்றாகிக்கொண்டே போனார்கள். ஒரு விஷயத்தில் அனுபவம் சராசரியாக உதவியது. தொடக்கத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அப்போது இந்தத் தொழிலில் எனக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு யோசித்தபோது சரிதான் என்று பட்டது.

ஏன் சரி என்று பட்டது என்பதை இரண்டு சம்பவங்களால் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது நான் பயிற்சி முடித்து ஊருக்கு வந்த புதிது. எனக்கும் அப்போது 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊருக்கு என்னை அனுப்பினார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா. நான் படித்ததையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு போய் உட்கார்ந்து, கேள்வித்தாளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். தூக்கம் வருகிறதா, கனவு வருகிறதா, அந்தச் சம்பவம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதா. மூன்றாவது கேள்வியில் அவர், “பிள்ளே, அந்தப் பேப்பரை மடக்கி வை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மடக்கி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியைக்கு போன் செய்து, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அழுதேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாளைக்குப் போய் சும்மா உட்கார்ந்திரு, ஒன்றும் கேட்காதே, அவங்க மீன் கழுவினால் நீயும் கழுவு” என்றார். போனேன். மூன்றாம் நாள் அந்த அம்மா தானாகவே மகளின் பெயரைச் சொன்னார்கள். பிறகு எட்டு மாதம் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

எனக்கு அன்று அனுபவம் இல்லை. ஆனால் ராத்திரி போன் செய்ய ஒரு ஆள் இருந்தார். அவரிடம் வெட்கப்படாமல் “சொதப்பிவிட்டேன்” என்று சொல்லவும் முடிந்தது. அந்த அம்மாவுக்கு நான் உதவியாக இருந்தேன் என்றால் இந்த இரண்டாலும்தான்.

இரண்டாவது, பதினைந்து வருஷம் கழித்து. ஒரு லாரி டிரைவர் வந்தார். ராத்திரி தூக்கம் சரியில்லை, பகலெல்லாம் எரிச்சல், வீட்டில் பிள்ளைகளிடம் கத்துகிறார், வேலையில் கவனம் இல்லை. எனக்குப் பத்து நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இதே போல நூறு பேரைப் பார்த்தாயிற்றே. ஆறு சந்திப்பு நடந்தது, ஒரு மாற்றமும் இல்லை. என்னோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பயிற்சிப் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கி, “மேடம், இவர் குறட்டை விடுவாரான்னு நாம கேட்கவே இல்லையே” என்றாள். மனைவியிடம் கேட்டோம். விடுவார், இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிற நோய் அவருக்கு. டாக்டரிடம் அனுப்பினோம், சரியாகிவிட்டது. அவர் லாரி ஓட்டுகிறவர் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. அந்தப் பெண் கேட்டதற்குக் காரணம் அவள் புதியவள் என்பதுதான். அவளுக்கு அந்த மனிதர் நூற்றியோராவது ஆள் இல்லை.

ஆகவே எத்தனை வருஷம் என்று கேட்பதை விட, யாரிடம் கேட்டுக்கொள்கிறார் என்று கேளுங்கள். புதிதாக வந்த ஒருவரிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். போனில் இப்படியே கேட்கலாம்: “மேடம், உங்க கேஸ்களைப் பற்றிப் பேச உங்களுக்குச் சீனியர் யாராவது இருக்காங்களா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை பேசுவீங்க?” மேற்பார்வை என்று எங்கள் தொழிலில் சொல்வோம். உங்கள் பெயரைச் சொல்லாமல், உங்கள் சிக்கலை மட்டும் ஒரு மூத்தவரிடம் வைத்து, நான் செய்வது சரியா என்று கேட்பது. நல்ல பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். “வாரம் ஒரு தடவை, இன்னாரிடம்” என்று சட்டென்று பதில் வரும். முகம் சுளித்தாலோ, “எனக்கு அதெல்லாம் தேவையில்லை” என்றாலோ, அங்கே போக வேண்டாம். அதே பதிலைத் திருவனந்தபுரத்துக்காரர் சொன்னாலும் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அப்புறம் படிப்பும் பதிவும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள, ஆர்.சி.ஐ. என்று சொல்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. எம்.ஃபில் என்றால், முதுகலை முடித்த பிறகு இரண்டு வருஷம் நோயாளிகளோடும் மூத்தவர்களின் கண்பார்வையிலும் வேலை செய்து முடித்திருக்கிறார் என்று அர்த்தம். ஆக, “ஒரு வருஷ அனுபவம்” என்று நீங்கள் எழுதியது உண்மையில் மூன்று வருஷம். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் தருவார். கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் சில நாள் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கிவந்து கவுன்சலர் என்று போர்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதுகலை உளவியல் படித்த நல்ல ஆலோசகர்கள் பலரும் இருக்கிறார்கள், துக்கத்துக்கும் குடும்பச் சிக்கலுக்கும் அவர்களிடம் போகலாம். ஆனால் புதிய ஆள் என்பதையும் பயிற்சி இல்லாத ஆள் என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக்கூடாது. புதியவர் வேறு, பயிற்சி இல்லாதவர் வேறு.

மூன்றாவது கேள்வி உங்களுக்கென்றே உள்ளது. “இந்த வெப்ராளத்துக்கு என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு குறை இருக்கிறது. வந்தவர் கஷ்டப்படுவதைப் பார்க்க அவர்களுக்குத் தாங்காது. அதனால் ஆறுதலும் மூச்சுப்பயிற்சியும் தந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அதுவே முழு சிகிச்சை அல்ல. பேனிக்குக்கு உண்மையில் வேலை செய்வது கொஞ்சம் கசப்பானது. அறைக்குள்ளேயே உங்களை வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், படி ஏறி இறங்கச் சொல்வார்கள், நின்ற இடத்தில் சுற்றச் சொல்வார்கள். நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். அது தானாக இறங்குவதை நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு பஸ். “படிப்படியாக உங்களைப் பஸ்ஸில் ஏற்றுவேன், அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவேன்” என்ற மாதிரி ஒரு பதில் வந்தால், 26 வயதோ 62 வயதோ, சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். “ரிலாக்ஸா இருங்க, பாசிட்டிவா நினைங்க” என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அன்போடு நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள நான் தயாரில்லை. அப்பா போன வீட்டின் வெறுமையும், குவைத்திலிருந்து ராத்திரி வருகிற போனுக்காகக் காத்திருப்பதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதும் அனுபவித்தவர்களுக்கே தெரியும். ஆனால் டீச்சர், நீங்கள் முதன்முதலில் வகுப்பில் நின்றபோது உங்களுக்கு எத்தனை வயது? பிள்ளை பெறாத அந்த வயதில் மற்றவர்களின் பிள்ளைகளைப் புரிந்துகொண்டீர்களே, எப்படி? அவர்களைக் கேட்டு, கவனித்துத்தான். தானும் அதே வழியில் நடந்த சிகிச்சையாளருக்கு வேறொரு ஆபத்து உண்டு. தன் கதையை உங்கள் கதை மேல் போட்டுவிடுவார். “என் அப்பா போனப்பவும் இப்படித்தான்” என்று அவர் தொடங்கினால், உங்கள் அப்பா அந்த அறையை விட்டுப் போய்விடுவார். அந்தப் பெண்ணுக்குத் தெரியாததை நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். அப்படிச் சொல்லும்போது பல நேரம் நமக்கே முதல்முறையாக விளங்கும். முதல் சந்திப்பிலேயே இதை நேராகக் கேட்டுவிடுங்கள்: “உங்களுக்குக் கல்யாணம் ஆகலை, என் கஷ்டம் விளங்குமான்னு எனக்கு ஒரு சந்தேகம்.” இதற்கு அவர் கோபப்படாமல், பதறிப்போய்த் தன்னை நிரூபிக்க முயலாமல், “விளங்காத இடத்தில் கேட்பேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டால் சொல்லுங்கள்” என்று சொன்னால் எனக்கு அது போதும்.

வெப்ராளம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. பேனிக் என்பதற்கு இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியாது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் நாம் மலையாளத்தோடு பங்குபோட்டுக்கொள்கிற சொல் இது, நான் சென்னையில் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. “நெஞ்சுக்குள்ள ஒரு வெப்ராளம்” என்று நீங்கள் சொன்னால் அதற்கு விளக்கம் கேட்காத ஒருவரிடம் பேசுவது பெரிய இளைப்பாறல். அந்தப் பெண் நம் பக்கத்துக்காரர் என்றால் அது ஒரு லாபம்.

ஆனால் நம் பக்கத்துக்காரர் என்பதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் இரண்டு பேர் சந்தித்தால், வீடு எங்கே, அப்பா பெயர் என்ன, எந்தச் சபை, எந்தப் பங்கு என்று ஐந்து நிமிஷத்தில் உறவு கண்டுபிடித்துவிடுவோம். அவருடைய சித்தி உங்கள் பள்ளியிலேயே டீச்சராக இருக்கலாம். அதனால் முன்னாலேயே கேளுங்கள், உங்களுக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று. நெருங்கிய தொடர்பு இருந்தால் அவரே வேறு ஒருவரைக் காட்டிவிட வேண்டும், அதுதான் முறை. தூரத் தொடர்பு என்றால், வெளியில் கண்டால் எப்படி நடந்துகொள்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். நான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வது இது: கல்யாண வீட்டில் பார்த்தால் நீங்கள் சிரித்தால் நான் சிரிப்பேன், இல்லையென்றால் எனக்கு உங்களைத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பற்றிய ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே பேசக்கூடாது. அந்த விதிவிலக்குகள் என்னென்ன என்று அவரே முதல் நாளில் எடுத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் பெரும்பாலும் இதை மறக்காமல் சொல்வார்கள். எங்களைப் போல் பழகிப்போனவர்கள்தான் சில நேரம் விட்டுவிடுகிறோம்.

எல்லா நேரத்திலும் புதியவரிடம் போகலாம் என்று நான் சொல்லவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் தூக்கமே இல்லாமல் போனால், யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டால், பிரசவம் ஆன புதிதில் மனம் தடுமாறினால், குடியை நிறுத்தும்போது கை நடுக்கமும் குழப்பமும் வந்தால், முதலில் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதக்கூடாது, எழுதவும் மாட்டார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கும் படபடப்பு மிக அதிகமாகி வேலைக்கே போக முடியாத நிலை வந்தால், சிகிச்சையோடு மருந்தும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அந்த நிலையில் “டாக்டரையும் பாருங்கள்” என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். ஆளை விட்டுவிட மனமில்லாமல் தானே வைத்துக்கொள்வது புதியவர்களுக்கு உள்ள இன்னொரு குறை. யாரிடம் அனுப்புவீர்கள் என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வாரம் கழித்து என்ன பார்ப்பது? வெப்ராளம் முழுக்கப் போயிருக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் விட்டுவிட்ட ஒரு காரியத்தையாவது திரும்பச் செய்தீர்களா? அவர் தந்த பயிற்சி எதற்கென்று உங்களுக்கு விளங்குகிறதா? பிடிக்காத ஒன்றை அவரிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா, சொன்னபோது அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரியது. நாம் பெரியவர்களிடம் மறுத்துப் பேசப் பழகாதவர்கள். 25 வருஷ அனுபவமுள்ள, நரைத்த தலையுள்ள ஒருவர் முன்னால் உட்கார்ந்து “நீங்க சொன்னது எனக்குச் சரிவரல சார்” என்று உங்களால் சொல்ல முடியுமா? பலருக்கு முடியாது. தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள், அடுத்த தடவை போகமாட்டார்கள். உங்களைவிட எட்டு வயது இளைய பெண்ணிடம் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரும். சொல்லுங்கள். நாலு வாரத்தில் ஒன்றுமே நகரவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லிவிட்டு மாறுங்கள், போனை எடுக்காமல் விட்டுவிட வேண்டாம். நல்லவர் என்றால் இதுவரை நடந்ததைச் சுருக்கமாக எழுதித் தருவார், அதை அடுத்தவரிடம் காட்டலாம்.

அப்பாவைப் பற்றியும் அங்கே பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் ஒரே வரியில் வந்து போய்விட்டார். அவர் போய் நாலு மாதத்தில்தான் முதல் வெப்ராளம் வந்திருக்கிறது. அவசரமில்லை, பஸ்ஸில் ஏறத் தொடங்கிய பிறகு பேசினால் போதும்.

இனி மாமி. மாமியோடு வாதாட வேண்டாம். அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது, பெரிய ஆளிடம் மருமகளைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார். “பெரிய ஆளிடம் மாதம் ஒரு தடவைதான் பார்க்க முடியும், இந்தப் பிள்ளை வாராவாரம் பார்க்கும், நாலு வாரம் பார்த்துட்டுச் சரியில்லைன்னா நீங்க சொன்ன இடத்துக்கே போவோம்” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. சபையில் ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், இரண்டுக்கும் சண்டையில்லை. முடிந்தால் மாமியையே ஒரு தடவை கூட அழைத்துவரலாம். ஐந்து நிமிஷம் அந்தப் பெண் அவரிடம் பேசி, படபடப்பு வரும்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்லித்தரட்டும். பஸ்ஸில் முதல் தடவை தனியாக ஏறுகிற அன்று பையனைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு மாமி வேண்டும்.